நாடகம் எழுத முதுகலை படிக்கலாமா? மாகறல் தம்பி கேட்ட கேள்வியும், தேடிக் கண்டுபிடித்த பதில்களும்!

``அக்கா, நாடகம் எழுதறதுக்குன்னு பி.ஜி. இருக்கா? இருந்தா அதுல சேரலாமா, இல்ல வேஸ்ட்டா?''

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் இருக்கிறது மாகறல். அங்கே திருமாகறலீஸ்வரர் கோயில் பக்கத்து டீக்கடையில்தான் தம்பி இதைக் கேட்டான். பி.காம். முடித்தவன். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு மூன்று நாடகம் எழுதியிருக்கிறான். நாலாவது நாடகம் போன் நோட்ஸில் பாதியில் நிற்கிறது.

கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும் அதன் பின்னால் ஒரு வீடே இருக்கிறது. அப்பா பட்டு நெசவாளர். கோர்வைப் புடவை நெய்யும்போது உடம்பு ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். அந்தக் கரைக்கு நாடா கொடுக்க இன்னொரு ஆள் தறி பக்கத்தில் உட்கார வேண்டும். லீவு நாளில் அந்த ஆள் தம்பிதான். அவன் ரெண்டு வருஷம் வெளியூர் போய்விட்டால் கூலிக்கு ஆள் வைக்கணும், ஒரகடம் சம்பளமும் நின்றுவிடும். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ``எழுதறதுக்கு எதுக்குடா காலேஜு?''

நியாயமான கேள்வி. அதனால் விசாரித்துத் தெரிந்துகொண்ட எல்லாவற்றையும் இங்கே வரிசையாகத் தருகிறேன். இதே கேள்வி உங்களுக்கும் இருந்தால், இந்தப் பக்கத்தை சேவ் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு உண்மை

`நாடக எழுத்து' என்று மட்டும் பெயர் போட்ட முதுகலைப் பட்டத்தைத் தேடிப் போனால், நம்ம பக்கம் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே அது நாடகக்கலைப் படிப்பின் ஒரு பகுதி. நடிப்பு, இயக்கம், ஒளியமைப்பு, மேடை வடிவமைப்பு, நாடக வரலாறு எல்லாம் படிக்கும்போது எழுத்தும் கூட வரும்.

இது குறை மாதிரி தெரியலாம். ஆனால், கதை எழுதுகிறவருக்குப் பேப்பர் போதும், நாடகம் எழுதுகிறவருக்கு நடிகரும் மேடையும் பார்வையாளரும் வேணும். லைட் அணைந்து எரிவதற்குள் ஒரு நடிகர் சட்டை மாற்ற முடியுமா என்று தெரியாமல் காட்சி எழுதினால், ஒத்திகையில் மாட்டிக்கொள்வீர்கள். அந்த அனுபவம் நாடகத்துறைக்குள் இருந்தால்தான் கிடைக்கும்.

எங்கெல்லாம் படிக்கலாம்?

*புதுச்சேரிப் பல்கலைக்கழகம்:* மாகறல் தம்பிக்குப் பக்கமான இடம் இதுதான். இங்கே இருக்கும் நிகழ்கலைப் பள்ளிக்குப் பெயரே சங்கரதாஸ் சுவாமிகள்தான். `ஔரங்கசீப்', `நந்தன் கதை', `மழை' நாடகங்களை எழுதிய இந்திரா பார்த்தசாரதிதான் இந்த நாடகப் பள்ளியின் முதல் இயக்குநர். `பலி ஆடுகள்' எழுதிய கே.ஏ.குணசேகரனும் இங்கே பேராசிரியராக இருந்தவர். அதாவது, நாடக ஆசிரியர்களே நடத்திய துறை. ரெண்டு வருஷ முதுகலைப் படிப்பு. சேர `க்யூட் பி.ஜி.' என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுதணும்.

பட்டத்தின் பெயர் `மாஸ்டர் ஆஃப் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ்'. சுருக்கமாக எம்.பி.ஏ! தமிழில் எழுதினால் இதுவும் பிசினஸ் படிப்பும் ஒன்றுதான். சொந்தக்காரர்கள் கேட்டால் `எம்.பி.ஏ. படிக்கிறேன்' என்று சொல்லிச் சமாளிக்கலாம், பொய்யும் கிடையாது. ஆனால் அப்பாவிடம் முழுப் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

*தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம்:* 1981-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். இங்கே நாடகத்துக்கென்றே தனித்துறை உண்டு. தேசிய நாடகப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பேராசிரியர் சே.ராமானுஜம் வேலை பார்த்த துறை இது. தமிழ் நாடகத்தை ஆய்வு செய்ய நினைப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம். எந்த வருஷம் எந்தப் படிப்புக்குச் சேர்க்கை என்பதை அந்த வருஷ அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

*திருச்சூர், ஹைதராபாத்:* கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி 1977-லிருந்து திருச்சூரில் இயங்குகிறது. மலையாள நாடக ஆசிரியர் ஜி.சங்கரப் பிள்ளை வளர்த்தெடுத்த இடம். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு பள்ளியிலும் நாடகக்கலையில் முதுகலை இருக்கிறது.

*தேசிய நாடகப் பள்ளி, டெல்லி:* 1959-ல் தொடங்கியது. மூன்று வருஷம், அங்கேயே தங்கிப் படிக்கணும். பட்டப்படிப்பு முடித்திருக்கணும், நாடகங்களில் பங்கேற்ற அனுபவத்தைக் காட்டணும், இந்தியும் ஆங்கிலமும் வேலை செய்யும் அளவுக்குத் தெரியணும். நல்ல விஷயம், படிக்கும்போதே மாத உதவித்தொகை உண்டு. ஆனால் இங்கே முக்கியப் பயிற்சி நடிப்பிலும் வடிவமைப்பு, இயக்கத்திலும்தான். எழுத மட்டும் ஆசை என்றால் யோசித்துச் சேருங்கள்.

இந்த நாடகப் பள்ளியின் காற்று தமிழ்நாட்டுக்கு வந்ததும் ஒரு முக்கியமான கதை. 1977-ல் திண்டுக்கல் பக்கத்திலுள்ள காந்திகிராமத்தில் ஒரு நீண்ட நாடகப் பயிற்சிப் பட்டறை நடந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் சென்னையில் கூத்துப்பட்டறை (1977), பரீக்‌ஷா (1978), மதுரையில் நிஜ நாடக இயக்கம் (1978) என்று வரிசையாகக் குழுக்கள் முளைத்தன. யாரும் `நாடக எழுத்தில் முதுகலை' முடித்துவிட்டு வந்து தொடங்கவில்லை. ஆனால் அத்தனை பேரும் பயிற்சியை மதித்தவர்கள்.

வகுப்பில் என்னதான் சொல்லித் தருவாங்க?

இதை மாகறல் கதையை வைத்தே பார்த்துவிடலாம்.

திருமாகறலீஸ்வரர் கோயிலின் தலக்கதையை ஊரில் பல விதமாகச் சொல்வார்கள். சாரம் இதுதான். தினம் ஒரு பழம் தரும் அதிசயப் பலாமரம் ஒன்று இருந்தது. அந்தப் பழம் சிதம்பரம் நடராஜருக்குப் போகணும். வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்துச் சுமந்துகொண்டு போனார்கள். ஒரு பையனுடைய முறை வந்தது. அவன் பழத்தைச் சுமக்கவில்லை, மரத்தையே கொளுத்திவிட்டான். சோழ மன்னன் அவனை நாடு கடத்தினான். அதற்குப் பிறகுதான் மன்னன் பொன் உடும்பைப் பார்ப்பதும், அது புற்றுக்குள் நுழைவதும், சிவலிங்கம் வெளிப்படுவதும். உடும்பின் வால் போல லிங்கம் இருப்பதாகச் சொல்வது இதனால்தான்.

கதையாகச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். நாடகமாக எழுத உட்கார்ந்தால் கேள்விகள் வரும்.

1. *யாருக்கு என்ன வேணும்?* பையனுக்கு என்ன வேணும்? சோம்பேறியா? இல்லை, ஊரே கால் தேய நடப்பதைப் பார்த்துக் கோபப்பட்டவனா? நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, அதுதான் உங்கள் நாடகம்.

2. *எது தடுக்குது?* மன்னன் ஆணை ஒரு பக்கம், பக்தி இன்னொரு பக்கம். `எல்லாரும் சுமந்தோம், நீ மட்டும் என்ன?' என்று கேட்கும் ஊர் மூன்றாவது பக்கம். ஒரே ஒரு வில்லனை நிறுத்திவைத்துத் திட்டுவது சுலபம். மூன்று பக்கமும் நியாயம் இருந்தால்தான் காட்சி நிற்கும்.

3. *எங்கே தொடங்குவது?* மரம் முளைத்ததிலிருந்து தொடங்கினால் பார்வையாளர் போனை எடுத்துவிடுவார். முறை வருவதற்கு முந்தின ராத்திரியில் தொடங்கினால்?

4. *எதை மேடையில் காட்டுவது, எதைச் சொல்லாமல் விடுவது?* மரம் எரிவதைக் காட்ட முடியாது. எரிந்த வாசனையோடு பையன் வீட்டுக்குள் வருவதைக் காட்டலாம். அம்மா அதைக் கவனித்தும் கேட்காமல் சோறு போடுவதைக் காட்டலாம்.

5. *வசனம்.* `எனக்குப் பயமாக இருக்கிறது' என்று ஒருத்தர் சொன்னால் அது தகவல். `விளக்கை அணைக்காத' என்று சொன்னால் அது வசனம்.

இந்த மாதிரிக் கேள்விகளோடு ரெண்டு வருஷம் உட்காருவதுதான் படிப்பின் எழுத்துப் பகுதி. எழுதுவீர்கள், சக மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார்கள், நீங்கள் வாயைத் திறக்காமல் கேட்பீர்கள். எந்த இடத்தில் எல்லாரும் நெளிகிறார்கள் என்று தெரியும். திருத்தி எழுதுவீர்கள். மறுபடி படிப்பார்கள். முதல் வடிவத்தை யாரும் மேடையேற்றுவதில்லை.

வெளிநாட்டில் தனிப் படிப்பு உண்டு

நாடக எழுத்தை மட்டும் முதுகலையாகப் படிக்க வேண்டுமென்றால் பிரிட்டன், அமெரிக்கா பக்கம்தான் பார்க்க வேண்டும். இதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் வரலாறு இருக்கிறது. ஹார்வர்டில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் என்ற பேராசிரியர் நாடக எழுத்துக்குப் பட்டறை நடத்தினார். 1914-ல் அதில் சேர்ந்தவர் யூஜீன் ஓ'நீல், 1936-ல் இலக்கிய நோபல் வாங்கியவர். பேக்கர் 1925-ல் யேல் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே இன்றும் நாடக எழுத்துக்கு மூன்று வருஷ முதுகலை இருக்கிறது. 2021-ல் டேவிட் கெஃபன் கொடுத்த 15 கோடி டாலர் நன்கொடைக்குப் பிறகு அந்தப் பள்ளியில் கல்விக் கட்டணமே கிடையாது. ஆனால் எடுப்பது விரல்விட்டு எண்ணும் அளவு ஆட்களைத்தான்.

பிரிட்டனில் நாடக ஆசிரியர் டேவிட் எட்கர் 1989-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இதற்கென முதுகலைப் படிப்பைத் தொடங்கினார். 1995-ல் லண்டனையே அதிரவைத்த `பிளாஸ்டட்' நாடகத்தை எழுதிய சாரா கேன் அங்கே படித்தவர். பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஒரு வருஷம்தான். ஆனால் கட்டணம், விசா, தங்குமிடம் எல்லாம் லட்சங்களில் போகும். உதவித்தொகை உறுதியாகாமல் கடன் வாங்கிப் போகாதீர்கள். இன்னொன்று, அங்கே எழுதப்போவது ஆங்கிலத்தில். உங்கள் காதில் ஓடுவது காஞ்சிபுரத் தமிழ் என்றால், அதையும் கணக்கில் வையுங்கள்.

பஸ் பிடித்தால் போய்விடும் பள்ளிக்கூடங்கள்

தம்பிக்கு நான் முதலில் சொன்னது புதுச்சேரியை அல்ல. பக்கத்து ஊர்களைத்தான்.

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் பொ.ராஜகோபாலும் மற்ற கலைஞர்களும் சேர்ந்து 1990-ல் தொடங்கியது. 2002-ல் இங்கே குருகுலம் தொடங்கி, பள்ளிப் படிப்போடு கூத்தையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளும் கூத்து கற்றார்கள் என்பது முக்கியம். ராஜகோபால் வெறும் நடிகர் அல்ல, புதிய கூத்து நாடகங்களை எழுதியவர். அவரோடு பணியாற்றிய ஹன்னே டி புரூயின் கட்டைக்கூத்தை ஆய்வு செய்து புத்தகமே எழுதியிருக்கிறார்.

செய்யாறு பக்கம் புரிசை. கண்ணப்பத் தம்பிரான் வாழ்ந்த ஊர். `கூத்துப்பட்டறை' ந.முத்துசாமி தெருக்கூத்தைத் தேடிப் போய்க் கற்றுக்கொண்டது இவரிடம்தான். புரிசைக் குழு மகாபாரதத்தோடு நிற்கவில்லை, ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்ட்டின் நாடகத்தையும், மார்க்வெஸின் சிறுகதையையும் கூத்தாக்கியது. பிரான்ஸின் புகழ்பெற்ற இயக்குநர் அரியான் முனூஷ்கின் 2016-ல் போட்ட நாடகத்துக்காக, அவருடைய நடிகர்கள் புரிசை சம்பந்தத் தம்பிரானிடம் தெருக்கூத்து படித்தார்கள். பாரீஸிலிருந்து வந்து படிக்கிறார்கள், நமக்கு ஒரு பஸ் டிக்கெட்தான்!

வெயில் காலத்தில் இந்தப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பார்கள். ராத்திரி பூரா கூத்து நடக்கும். ஒருமுறை நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். `துகில்' ஆடும்போது எந்த இடத்தில் தூங்கிக்கொண்டிருந்த பாட்டி எழுந்து உட்காருகிறார், கட்டியங்காரன் எந்த நேரத்தில் உள்ளே வந்து சிரிக்கவைக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் கூட்டத்தை உட்காரவைக்கும் வித்தையை எந்த செமஸ்டரும் இப்படிச் சொல்லித் தராது.

பட்டம் இல்லாமல் எழுதியவர்கள் இருக்காங்களே?

இருக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எந்தப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் படிக்கவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். `அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் டி.கே.சண்முகம் பதிவு செய்திருக்கிறார். பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல், பிறகு நீதிபதி. 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, வேலைக்குப் போய்க்கொண்டே நாடகம் எழுதித் தள்ளினார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரெண்டு பேருக்கும் எழுதியதை உடனே நடிக்க ஒரு குழு இருந்தது. சுவாமிகளுக்குப் பாய்ஸ் கம்பெனி, முதலியாருக்கு சபா. இன்று தனியாக ரூமில் உட்கார்ந்து எழுதும் ஒருவருக்கு இல்லாதது அதுதான். முதுகலைப் படிப்பு உங்களுக்குத் தருகிற பெரிய விஷயம் சர்டிஃபிகேட் அல்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு குழு, ஓர் அரங்கம், தோற்றுப்போக அனுமதி. இந்த மூன்றும் உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தால் படிப்பு அவசியமில்லை. கிடைக்கவில்லை என்றால் படிப்பு வேஸ்ட் இல்லை.

காசு எப்படி, வேலை என்ன?

பூசி மெழுகாமல் சொல்கிறேன். தமிழில் நாடகம் எழுதி மட்டும் குடும்பம் நடத்துவது ரொம்பக் கஷ்டம். படித்தவர்கள் போகும் வழிகள் இவை:

- சினிமா, வெப் சீரிஸ், சீரியல் எழுத்து. வசனம் எழுதும் கைக்கு மதிப்பு உண்டு. ஆனால் உதவியாளராகத் தொடங்கும் முதல் சில வருஷம் வருமானம் நிலையாக இருக்காது.
- பள்ளிகளில் நாடக ஆசிரியர், குழந்தைகள் நாடகப் பயிற்சி, தொண்டு நிறுவனங்களின் விழிப்புணர்வு நாடகங்கள்.
- கல்லூரி ஆசிரியர் பணி. யு.ஜி.சி. நெட் தேர்வில் நாடகத்தையும் உள்ளடக்கிய நிகழ்கலைப் பாடம் உண்டு. அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆய்வு மாணவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய் (2023-ல் உயர்த்திய தொகை).
- மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை. 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, மாதம் 5,000 ரூபாய், ரெண்டு வருஷம். நாடகமும் இதில் அடக்கம். குருவிடம் பயிற்சி எடுப்பவர்களுக்கானது.

இப்போதே வேலையில் இருப்பவர்கள் சேர்வதற்கு முன் ஒரு கணக்கு போடுங்கள். ரெண்டு வருஷக் கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு ஒரு பக்கம். அந்த ரெண்டு வருஷம் வீட்டுக்கு வராமல் போகும் சம்பளம் இன்னொரு பக்கம். நிறைய பேர் ரெண்டாவதை எழுதவே மறந்துவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் மறப்பதில்லை.

விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டியவை

1. ஒரு குறுநாடகத்தையாவது முழுசாக முடியுங்கள். இருபது நிமிஷம் போதும். பாதியில் நிற்கும் பத்து ஸ்கிரிப்ட்டைவிட முடிந்த ஒன்று மேல்.
2. நாலு நண்பர்களை உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். போனில் ரெக்கார்டு செய்து திரும்பக் கேளுங்கள்.
3. நடித்த, எழுதிய, லைட் பிடித்த எல்லா நாடகத்துக்கும் போட்டோ, நோட்டீஸ், சான்றிதழை ஒரு ஃபோல்டரில் சேருங்கள். பங்கேற்றதற்கு ஆதாரம் கேட்பார்கள்.
4. `க்யூட் பி.ஜி.' தேர்வு பெரும்பாலும் மார்ச் வாக்கில் நடக்கிறது. விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே திறந்துவிடும். ரிசல்ட்டுக்கு அப்புறம் பல்கலைக்கழகத்தில் தனியாகப் பதிவு செய்யணும். ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.
5. சேர நினைக்கும் துறையின் மாணவர் நாடகம் ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். முடிந்ததும் சீனியரிடம், `எழுத்து வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கடைசி வருஷம் சொந்த ஸ்கிரிப்ட்டை மேடையேற்ற விடுவாங்களா?' என்று ரெண்டே கேள்வி கேளுங்கள். பிராஸ்பெக்டஸில் இல்லாதது அங்கே கிடைக்கும்.

எழுதினது உங்களுடையதுதானே?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, நாடகத்தை எழுதிய உடனேயே உரிமை உங்களுக்கு வந்துவிடும். எழுதியவரின் வாழ்நாளும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் தகராறு வந்தால் உதவும். ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். ஸ்கிரிப்ட்டை யாருக்கு அனுப்பினாலும் மெயிலில் அனுப்புங்கள், தேதி நிற்கும்.

இன்னொரு செய்தி. தமிழ்நாட்டில் நாடகம் போட முன்கூட்டியே ஸ்கிரிப்ட்டைக் காட்டிப் போலீஸ் அனுமதி வாங்க வேண்டும் என்று 1954-லிருந்து ஒரு சட்டம் இருந்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீங்கள் இன்று எழுதுவதற்குப் பின்னால் ஒரு நாடகக்காரரின் கோர்ட் அலைச்சல் இருக்கிறது.

சரி, தம்பி என்ன செய்தான்?

இன்னும் முடிவு பண்ணவில்லை. ஆனால் பலாமரக் காட்சியை எழுதி, போன வாரம் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். முறை வருவதற்கு முந்தின ராத்திரி. பையனும் அப்பாவும். எட்டுப் பக்கம். நான் படித்துவிட்டு, ``எனக்கு அனுப்புறது இருக்கட்டும், அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுடா'' என்றேன்.

காட்டியிருக்கிறான். அப்பா தறியில் உட்கார்ந்தபடியே கேட்டிருக்கிறார். இவன் கரைக்கு நாடாவைக் கொடுத்துக்கொண்டே, மடியில் போனை வைத்துப் படித்திருக்கிறான். முடித்ததும் அப்பா நல்லா இருக்கு, இல்லை என்று எதுவும் சொல்லவில்லையாம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டாராம்.

``அந்தப் பையன், அப்பன்கிட்ட சொல்லிட்டுப் போய்க் கொளுத்துனானா, சொல்லாமப் போய்க் கொளுத்துனானா?''

தம்பி அதை இன்னும் யோசிக்கவே இல்லையாம். அந்தக் காட்சியைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறான். புதுச்சேரி பற்றி அப்பாவிடம் இன்னொரு முறை பேச வேண்டும் என்றும் சொன்னான்.